வலி யாருடையதோ அவரே இயக்குநர்

ஜீவமணி சார் வீடியோவை நிறுத்தினால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று காட்சித் தொடர்பியல் மூன்றாமாண்டு வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. நான்கு நிமிஷப் பாட்டை அவர் இரண்டு பீரியடுக்கு ஓட்டுவார். ஓட்டுவார் என்பதுகூடத் தப்பு. நிறுத்துவார். அன்றைக்கு அவர் நிறுத்திய இடத்தில் திரை முழுக்க ஒரு செருப்பு நின்றது. வறண்ட குளத்தின் நடுவே, ஒற்றையாய், கவிழ்ந்து கிடந்தது.

"இது என்ன?"

"செருப்பு சார்," என்றான் பேச்சிராஜா. ஆத்தூர்க்காரன். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். கண்ணில் பட்டதை அப்படியே சொல்லிவிடும் கெட்ட பழக்கம் அவனுக்கு இருந்தது.

"உனக்குச் செருப்பு. எனக்கு இடப்பெயர்வு."

"ஒத்தச் செருப்போட எப்படி சார் இடம் பெயர்ந்தான்?"

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. தூத்துக்குடி வெயிலில் வருஷம் பூராவும் கறுப்பு ஜிப்பா போடுகிறவர் அவர். சாதாரணமாகச் சிரித்துவிட மாட்டார். சென்னையில் ஒரு படத்தில் வேலை செய்திருக்கிறார். எந்தப் படம் என்று கேட்டால், "வெளிவராததுதான் சினிமா" என்பார்.

அந்த வாரம் ஏழு சுயாதீன இசை வீடியோக்களை அலசினார்கள். கண்டுபிடித்ததையெல்லாம் சார் பலகையில் எழுதினார். எல்லாவற்றிலும் மேலிருந்து ஒரு டிரோன் பார்வை. எல்லாவற்றிலும் சுருக்கம் விழுந்த முகம், மெதுவாகத் திரும்பும். எல்லாவற்றிலும் பொட்டல்காட்டில் ஒருத்தன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு நிற்பான். அதன் ஒயர் எங்கே போகிறது என்று கேட்கக் கூடாது.

செல்வி மட்டும் வேறு ஒன்றைச் சொன்னாள்.

"சார், ஏழுலயும் வேலை செய்யுற ஆளுங்க பாட்டுக்குத் தக்கன வேலை செய்யுதாங்க. மம்பட்டி சரியா தாளத்துல வந்து விழுது. நெசத்துல அப்படி விழாதுல்ல? வெட்டுறப்ப அரைத் தாளம் தள்ளி வெட்டினா அது வேலையாத் தெரியும். இப்ப டான்ஸாத் தெரியுது."

சார் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். "குட். ஆனா இது டெக்னிக். நான் கேக்குறது வலி."

மூன்று வருஷமாக இதேதான். டெக்னிக் தெரிந்த செல்விக்கு ஒவ்வொரு படத்திலும் கிடைத்த வேலை, நடிக்கிறவன் முகத்தில் வெளிச்சம் விழும்படி தெர்மாகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. இதுதான் கடைசி புராஜெக்ட். சென்னையில் திரைப்படக் கல்லூரியில் சேர வேண்டுமென்றால், 'இயக்கம்' என்று தன் பெயர் போட்ட படம் ஒன்றாவது கையில் இருந்தாக வேண்டும். தெர்மாகோல் பிடித்ததற்கெல்லாம் அங்கே இடம் கொடுப்பதில்லை.

பாட்டு தயார். எழுதியவர் சார்தான். 'உப்பே, நீ யாருடைய கண்ணீர்' என்று ஆரம்பிக்கும். இயக்குவது யார் என்பதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"வலி யாருடையதோ அவரே இயக்குநர். இதுல சிபாரிசு கிடையாது. யாருக்கு என்ன இருக்கு, சொல்லுங்க."

ஏலம் ஆரம்பித்தது. டெரன்ஸ் முதலில் எழுந்தான். கேமரா அவனுடையது. அவன் அப்பா துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட். ஆபீஸில் ஏசி இரண்டு. அவனோ, "எங்க பூட்டன் முத்துக்குளிச்சவர் சார். கடலுக்குள்ள மூச்சடக்கி..." என்று தானும் மூச்சடக்கினான். முத்துக்குளிப்பு நின்று போய் இரண்டு தலைமுறை ஆயிற்று. இப்போது எடுப்பதென்றால் பூட்டனைத்தான் எழுப்ப வேண்டும் என்று சார் தள்ளிவிட்டார். பேச்சிராஜா கொடிக்காலைச் சொன்னான். "ரொம்பப் பச்சையா இருக்கும். பச்சையில வலி நிக்காது," என்றார்.

"எங்கம்மா உப்பளத்துல வேலை பாக்கா சார்."

சொன்னது தான்தான் என்பது, எல்லாத் தலையும் திரும்பிய பிறகே செல்விக்கு உறைத்தது.

உப்பளம் என்பதில் பொய்யில்லை. முள்ளக்காட்டுப் பக்கம் திருச்செந்தூர் ரோட்டை ஒட்டிக் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளையாய்க் கிடக்கிற பாத்திகளில் ஒரு பெரிய துண்டு அவர்களுடையது. அப்பா மந்திரமூர்த்தி அண்ணாச்சி. அம்மா முருகேஸ்வரி அந்தப் பக்கம் போனால் கண் கூசுகிறது என்று காரைவிட்டு இறங்கவே மாட்டாள். இசக்கிசெல்வி என்ற பெயரில் பாதியை விட்டுவிட்டு, கார் வேண்டாமென்று பஸ்ஸில் வந்து, மூன்று வருஷமாக வகுப்பில் சாதாரண செல்வியாக இருந்து வந்ததில் இதுவரை ஒரு சேதமும் இல்லை. முதலாளி மகள் என்று தெரிந்தால் தெர்மாகோல்கூடத் தர மாட்டார்கள் என்பது அவள் பயம்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "செல்வி... இத்தனை நாளா இதை உள்ளே வச்சுக்கிட்டா தெர்மாகோல் பிடிச்ச?"

அதோடு தீர்மானமாயிற்று. அம்மா வேலை செய்வாள், படித்த மகள் உப்புத் தண்ணீரில் இறங்கி அவள் கையைப் பிடிப்பாள். மகளாகவும் செல்வியே. வாழ்ந்தவர்தான் நடிக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம்.

"சன்செட்ல எடுப்போம். கோல்டன் ஹவர். உழைப்பாளி முகத்துல அந்தி," என்றார் சார்.

"சரி சார்," என்றாள் செல்வி.

பேச்சிராஜா தலையைச் சொறிந்தான். "ஏளா, சாயங்காலம் உப்பளத்துல யாரு நிப்பா? நான் தெனம் உப்பளத்து ரோட்டுலதான பஸ்ல வாரேன். விடியக்கருக்கல்ல இறங்கி, வெயில் ஏறுமுன்ன கரையேறிருவாவ. அந்தியில காக்கா கூட நிக்காது. உங்கம்மா மட்டும் நிக்காவளோ?"

செல்வி அவசரமாகச் சாரின் பக்கம் திரும்பினாள். "நான் காலைக் கோல்டன் ஹவரத்தான் நெனச்சேன். சார் சன்செட்னு சொன்னதை நான் சன்ரைஸ்னு..."

"அதுவும் சரிதான். விடியல். இன்னும் ஆழம்," என்றார் சார். எதைக் கொடுத்தாலும் ஆழம் பார்த்துவிடுவார் என்பது அந்த நேரத்துக்கு உதவியது. பேச்சிராஜா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி ஒரு அம்மா வேண்டும்.

சண்முகத்தாய் அப்பாவின் உப்பளத்தில் வெகுகாலமாக வேலை பார்க்கிறாள். வீட்டில் விசேஷம் என்றால் பாத்திரம் கழுவ வருவாள். அந்தப் பழக்கத்தில்தான் செல்வி அவளைத் தேடிப் போனாள். வேலை முடிந்து கரையில் உட்கார்ந்து கால் விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், முதலாளி மகளைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"எனக்கு ஒருநா நீங்க அம்மாவா இருக்கணும்."

"அய்யோ, முருகேஸ்வரியம்மாளுக்கு என்னாச்சு பாப்பா?"

ஒன்றும் ஆகவில்லை என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் செல்விக்கு வியர்த்துவிட்டது. சண்முகத்தாய் முதலில் நம்பவில்லை. அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"எம்மவ நாரோயில்ல நர்சுக்குப் படிக்காள்ல, அவ ஆஸ்டல்ல எங்கம்மா டீச்சர்னு சொல்லி வச்சிருக்கா. நீங்க எங்கம்மா உப்பளத்துலன்னு சொல்லி வச்சிருக்கிய. நடுவுல நான் யாருன்னு எனக்கே மறந்துரும் போல."

"நடிப்பீங்களா?"

"நீங்க சொன்னா மாட்டேன்னா சொல்ல முடியும் பாப்பா?"

இதில் செல்விக்குக் கேட்டது சம்மதம் மட்டும்தான்.

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?" என்று சண்முகத்தாய் குரலை இறக்கினாள்.

"வெள்ளிக்கிழமை கயத்தாறுல கல்யாணம். அப்பாவும் கணக்குப்பிள்ளையும் விடியுமுன்ன கெளம்பிருவாவ. மத்தியானம் வரை வர மாட்டாவ."

ஒத்திகை கரையிலேயே நடந்தது. அம்மா என்றால் மகளை நீங்க வாங்க என்று சொல்ல முடியாது. சண்முகத்தாய்க்கு நாக்கு வளையவில்லை. மூன்றாம் தடவை செல்வி வரப்பில் காலை வைத்தபோதுதான் வளைந்தது. "ஏ மூதி! காலை இப்படியா அழுத்தி வைக்க? வரப்பு ஒடஞ்சு தண்ணி போயிருமுல்லா!" என்று கத்திவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "தப்பா நெனைக்காதிய."

"இல்ல, இல்ல. இதேதான். இப்படியே இருங்க."

வெள்ளிக்கிழமை, கிழக்கு வெளுக்கிற நேரத்தில் வேன் உப்பளத்து வாசலில் நின்றது. அதற்கு முன்னாலேயே செல்வி வந்திருந்தாள். 'எம்.எம். சால்ட் ஒர்க்ஸ்' என்ற பெயர்ப்பலகையில் செத்துப்போன தாத்தாவின் படம் உண்டு. தாத்தாவுக்கும் அவளுக்கும் ஒரே மூக்கு. பலகைமேல் சாக்கை விரித்துக் காயப்போட்ட மாதிரி ஆக்கினாள். முதலாளி மகளை யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்று செல்வி போட்டுக்கொண்டவை: சண்முகத்தாய் கொடுத்த பழைய சேலை, அதற்குமேல் அவள் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையையும் முகத்தையும் சுற்றித் துண்டு, கூசாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி. உப்பு வாருகிற எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

சார் கரையில் ஏறி நின்று மூச்சை இழுத்தார். "டெரன்ஸ், முதலாளி யாராவது வந்தா கேமராவை ஆஃப் பண்ணாதே. நான் பேசிக்கிறேன். அவன் கண்ணைப் பார்த்துக் கேட்பேன்."

"என்ன கேப்பிய சார்?" என்றான் பேச்சிராஜா.

"கேட்க வேண்டியதை."

முதல் ஷாட்டுகள் சுலபமாக முடிந்தன. சண்முகத்தாய் வாருபலகையால் உப்பை இழுத்துக் குவிக்க, செல்வி தண்ணீரில் நின்றபடியே டெரன்ஸுக்குச் சொன்னாள்: கீழே வை, முகத்துக்குப் போகாதே, பலகை தண்ணியைக் கிழிக்கிற சத்தத்தைப் பிடி. தான் சொல்லச் சொல்ல ஒருத்தன் கேமராவை நகர்த்துகிறான் என்பதே அவளுக்குப் போதையாக இருந்தது. கால் விரல் இடுக்குகளில் உப்பு அறுக்க ஆரம்பித்திருந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அப்புறம்தான் வானத்தைப் பார்த்தாள்.

துறைமுகத்துப் பக்கம், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில் ஒன்று திரண்டிருந்தது. பங்குனியில் வரக் கூடாத மேகம்.

"ஆகா!" என்றார் சார். "பாருங்கப்பா, வானம் நமக்காக நடிக்குது! இந்த லைட்டை எந்த ஸ்டூடியோவும் தராது."

உப்பு முதலாளி வீட்டில் பிறந்தவளுக்கு மேகம் என்றால் என்ன என்று தெரியும். அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடுவார். அக்கா நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்றும்போது மேகம் கறுத்ததென்று சம்பந்தியை மணையில் விட்டுவிட்டு ஓடியவர் அவர். கயத்தாறு என்ன, கப்பலில் போய்க்கொண்டிருந்தாலும் திருப்பச் சொல்லுவார்.

பக்கத்துப் பாத்திப் பெண்கள் பலகையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஏறினார்கள். குவித்து வைத்த உப்பு அம்பாரங்களின்மேல் தார்ப்பாயை இழுக்கிற சத்தம் வந்தது.

"ஏளா, மேகம் இறங்குது. என் அம்பாரத்த மூடணும்," என்றாள் சண்முகத்தாய். பேச்சு மகளிடம் போல இருந்தாலும் கண் முதலாளி மகளிடம் கேட்டது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கரையிலிருந்து சார் கத்தினார். "கை பிடிக்கிற ஷாட்! இந்த லைட் போயிரும்! செல்வி, இது உன் படம். முடிவு உன்னுது."

அப்போது பேச்சிராஜாவின் கையில் ஒரு போன் அடித்தது. செல்வி கொடுத்து வைத்திருந்த போன். அவன் திரையைப் பார்த்தான். அதில் 'அம்மா' என்று இருந்தது. பிறகு தண்ணீரில் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற சண்முகத்தாயைப் பார்த்தான்.

"செல்வி, உங்கம்மா கூப்பிடுதாவ."

"அம்மாதான் இங்கே நிக்கிறாங்களே?" என்றார் சார்.

"பெரியம்மா சார்! பெரியம்மாவ நான் அம்மான்னுதான்..." செல்வியின் குரல் துண்டுக்குள் சிக்கியது.

போன் ஓய்ந்து, செய்தி வந்த சத்தம் கேட்டது. பேச்சிராஜா வரப்புமேல் நடந்து வந்து, குனிந்து, யாருக்கும் தெரியாமல் திரையை அவளுக்குக் காட்டினான். 'அப்பா பாதி வழியில திரும்பிட்டாவ. ஊருக்குள்ள வந்தாச்சு, நேரா உப்பளத்துக்குத்தான். நீ எங்க இருக்க?'

"பெரியம்மாவா?" என்றான் மெதுவாக.

செல்வி கறுப்புக் கண்ணாடியை மூக்கில் இன்னும் ஏற்றிக்கொண்டாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லாளா."

"சார்ட்ட சொல்லப் போறியா?"

"சொன்னா என்னைய டைரக்டராக்கிருவாரு. அந்தப் பாட்டுக்கு நான் வேற டைரக்டராவணுமாக்கும்?" என்றான் பேச்சிராஜா. "சீக்கிரம் முடி. ரோட்டுல வெள்ளக் காரு ஒண்ணு வேகமா வருது."

முடித்துவிட்டால் போய்விடலாம். ஒரே ஷாட். செல்வி சண்முகத்தாயைப் பார்த்து, "ஒண்ணே ஒண்ணும்மா. அப்புறம் மூடலாம்," என்றாள். சண்முகத்தாய் ஒரு தடவை மேகத்தையும் ஒரு தடவை தன் அம்பாரத்தையும் பார்த்தாள். "நீங்க சொன்னாச் சரி," என்று பலகையைச் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினாள். செல்வி பிடித்துக்கொண்டாள். அந்தக் கை மரத்தால் செய்தது போல இருந்தது.

டெரன்ஸ் ஓடவிட்டான். பாட்டு ஸ்பீக்கரில் ஆரம்பித்தது. உப்பே, நீ யாருடைய கண்ணீர்.

கார் கரைமேலேயே வந்து நின்றது. மந்திரமூர்த்தி அண்ணாச்சி பட்டு வேட்டியும் கல்யாணத்துக்கென்று நெற்றியில் இட்ட சந்தனமுமாக இறங்கினார்.

"ஏ சண்முகம்! வானம் இருட்டிட்டு வருது, அம்பாரம் தொறந்து கெடக்கு, இங்கன கை கோத்துட்டு என்ன கூத்து? யாரு இவனுவ? எவன் உள்ள விட்டது? அந்த ரேடியோவ அமத்துலே!"

பாட்டு நின்றது. எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். சார் முன்னால் வந்தார். அண்ணாச்சியின் கண்ணைப் பார்க்கத்தான் கிளம்பினார். வழியில் எங்கேயோ முதுகு வளைந்து, பார்வை வேட்டிக் கரையில் போய் நின்றது.

"வணக்கம் அண்ணாச்சி. சின்ன ஸ்டூடண்ட் புராஜெக்ட்தான். உப்போட பெருமையைப் பத்தி. உங்களை மாதிரி பெரியவங்க ஆதரவு இருந்தா..."

"பெருமையெல்லாம் இருக்கட்டும். உப்பு கரைஞ்சா நீரு தருவீரா?" அண்ணாச்சி அவரை விலக்கிவிட்டு வரப்பின் ஓரத்துக்கு வந்தார். செல்விக்கும் அவருக்கும் நடுவே ஒரு பாத்தி அகலம்தான். "நீ யாருளா, புதுசா இருக்க? எந்த ஊரு? மரம் மாதிரி நிக்கா பாரு! ஒன்னைய எவ சேத்தா?"

செல்விக்கு ஒரு கணம் புரியவில்லை. யாரிடம் கேட்கிறார்? பிறகு புரிந்தது. நேற்று ராத்திரி தோசை வைத்துக் கொடுத்தவள், இருபது வருஷமாகக் கண்ணே முத்தே என்று அவர் கூப்பிட வளர்ந்தவள், துண்டைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் நின்றதும் அவருக்கு ஆள் தெரியவில்லை.

சண்முகத்தாய் வாய் திறக்கவில்லை. இதோ உங்க மவ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பிவிடலாம். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"வேலை நேரத்துல சினிமாக்காரனுக்குப் பல்லக் காட்டிட்டு நிக்க ஆளு எனக்கு வேண்டாம். சண்முகம், நீ நாளையிலருந்து வராண்டாம். போகும்போது இவளையும் கூட்டிட்டுப் போயிரு."

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. செல்வி அதைப் பார்த்தாள். எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. பட்டு வேட்டி, கறுத்த வானம், தலை குனிந்த பெண், பக்கத்தில் முகமில்லாத மகள். ஏழு வீடியோவில் ஒன்றில்கூட இப்படி ஒரு ஷாட் இல்லை. அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, சும்மா நிற்பது. அப்பா திட்டிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விடுவார். சார் அழுதுகொண்டே வந்து கட்டிப்பிடிப்பார். திரையில் இயக்கம் என்று அவள் பெயர் வரும்.

பிடித்திருந்த கை அவள் பிடியிலிருந்து கழன்றது. சண்முகத்தாய் பலகையை எடுக்கக் குனிந்திருந்தாள். கொண்டு போய்க் கொட்டகையில் ஒப்படைத்துவிட்டுத்தானே போக வேண்டும்?

செல்வி துண்டை அவிழ்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்பா."

அண்ணாச்சி திரும்பி, கூப்பிட்டது யார் என்று பக்கத்துப் பாத்திப் பெண்களைப் பார்த்தார்.

"இங்கப்பா. நான்தான். அவங்க மூடத்தான் போனாங்க. நான்தான் விடாம நிறுத்தி வச்சேன்."

அப்பா என்ற வார்த்தை கரையில் ஒவ்வொருத்தரிடமாகப் போய்ச் சேர்ந்தது. சாரின் வாய் திறந்தபடியே இருந்தது. அண்ணாச்சி ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவர் மொட்டைத் தலையில் முதல் சொட்டு விழுந்தது.

"மூடுங்கலே!"

மகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உப்பு காத்திருக்காது. எல்லோரும் ஓடினார்கள். அண்ணாச்சி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார். பேச்சிராஜா ஒரு முனை. காரிலிருந்து குதித்த கணக்குப்பிள்ளை ஒரு முனை. ஜீவமணி சார் நான்காவது முனையைப் பிடித்து, காற்றில் அது உதற, உப்புக் குவியலில் முழங்காலிட்டார். கறுப்பு ஜிப்பா பாதி வெள்ளையாயிற்று. தார்ப்பாய் பறக்காமலிருக்கக் கடைசிக் கல்லை வைத்தபோது தூறலும் நின்றுவிட்டது. மேகம் நடித்தது அவ்வளவுதான்.

மூச்சு வாங்கியபடி எல்லோரும் நின்றார்கள். முதலில் பேசியவர் சார்.

"செல்வி, நீ ஏமாத்துனது என்னை இல்லை. வலியை." ஜிப்பாவைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இந்த நிலைமையில இந்தப் படத்தை நானே இயக்குறதுதான் அறம்."

"வலி உங்களுதா சார்?" என்றான் பேச்சிராஜா.

"ஏமாத்தப்பட்டவனுக்கு இல்லாத வலியா?"

அண்ணாச்சி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. டெரன்ஸிடம் போனார். "எடுத்தியோ? காட்டு, தம்பி."

டெரன்ஸ் கேமராவின் சின்னத் திரையில் போட்டுக் காட்டினான். அண்ணாச்சி கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தன் சத்தத்தைத் தானே கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தடவ போடு," என்றார். இரண்டாம் தடவையும் பார்த்துவிட்டு, செல்வியின் பக்கம் திரும்பாமல், "இதுல நீ எது?" என்று கேட்டார்.

டெரன்ஸ் விரலை வைத்துக் காட்டினான்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார். "அந்தக் கார்ட எடு. எங்கிட்ட குடு."

"மன்னிக்கணும் அண்ணாச்சி, அது காலேஜ் சொத்து," என்று சாரும் கையை நீட்டினார். இயக்குநராகிவிட்டதால் குரலில் முதுகெலும்பு கொஞ்சம் திரும்பியிருந்தது. "டெரன்ஸ், அதுல இருக்கிறது என்னோட படம்."

டெரன்ஸ் இரண்டு கையையும் பார்த்தான். கார்டைக் கழற்றினான். இரண்டுக்கும் நடுவே நீட்டி, செல்வியிடம் கொடுத்தான். "டைரக்டர் சொல்லட்டும்."

நகத்தளவு கார்டு. அப்பாவிடம் கொடுத்தால் அது கடலுக்குப் போகும். சாரிடம் கொடுத்தால் சென்னைக்குப் போகும், அவர் பெயரில். தானே வைத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகிற வழியில் காரில் அப்பா கேட்பார், கொடுத்துவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்கு அது தெரிந்திருந்தது. சண்முகத்தாய் வேலைக்கு வரலாமா வேண்டாமா என்று இதுவரை யாரும் சொல்லவில்லை என்பதும் தெரிந்திருந்தது.

"ஏளா, உப்புக் கையில வச்சுட்டு நிக்கியே, அது கெட்டுப் போவாதா?"

சண்முகத்தாய்தான். கொட்டகைப் பக்கம் போனவள் பலகையோடு திரும்பி வந்திருந்தாள். ஏளா என்றது அவள் நாக்குக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. அண்ணாச்சிக்கு மட்டும் புருவம் ஏறி இறங்கியது.

"இவ்வளவு சின்னதுக்கு இத்தன பேரு கைய நீட்டினா தண்ணியிலதான் விழும்," என்றாள். சட்டைக்குள் செருகியிருந்த முந்தானையின் நுனியை வெளியே எடுத்தாள், நனையாத இடம். "இங்க கொண்டா. நான் முடிஞ்சு வைக்கேன். நாளைக்கு வேலைக்கு வரும்போது எடுத்துட்டு வாரேன்."

கடைசி வாக்கியத்தை அண்ணாச்சியைப் பார்க்காமல், தன் முந்தானையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

செல்வி கார்டை அவள் கையில் வைத்தாள். சண்முகத்தாய் நிதானமாக முடிந்தாள். இழுத்துப் பார்த்து இன்னொரு முடிச்சும் போட்டாள்.

"அப்போ படம்?" என்றார் ஜீவமணி சார்.

"நாளைக்கு வந்து இந்தப் பிள்ளைட்ட கேளுங்க சார்," என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பாத்திக்குள் இறங்கினாள்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். தண்ணீரில் போகிற முதுகைப் பார்த்தார். கணக்குப்பிள்ளையின் பக்கம் திரும்பி, "சண்முகத்துக்கு நாளைக்கு எந்தப் பாத்தி?" என்று கேட்டார்.